'குறைவு' வேறு, 'மிகாமல்' வேறு: வங்கித் தேர்வில் மார்க்கைப் பறிக்கும் ஒரு சொல்

கோரைப் பாய்க்குப் பேர் போன வந்தவாசியில் ஒரு வியாபாரி சின்னப் பாய், பெரிய பாய் என்று இரண்டு வகையிலும் வாங்குகிறார். சின்னது 150 ரூபாய், பெரியது 350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரிய பாய் எத்தனை?

கூற்று 1: மொத்தச் செலவு 2,050 ரூபாய்.
கூற்று 2: பெரிய பாய்களின் எண்ணிக்கை 5-க்குக் குறைவு.

வங்கித் தேர்வுகளில் வரும் 'டேட்டா சஃபிஷியன்சி' கேள்வி இப்படித்தான் இருக்கும். விடை கேட்கமாட்டார்கள். விடை கண்டுபிடிக்க இந்தத் தகவல் போதுமா என்றுதான் கேட்பார்கள்.

"தெரியாதது ரெண்டு, சமன்பாடு ஒண்ணு, அதனால போதாது" என்று பலரும் சட்டென டிக் அடித்துவிடுகிறார்கள். ஷார்ட்கட் என்று சொல்லித்தரப்படும் இந்தப் பழக்கம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. பாயை அரையும் காலுமாக யாரும் வாங்குவதில்லையே!

சின்னப் பாயை x, பெரிய பாயை y என்று வைத்தால், 150x + 350y = 2,050. ஐம்பதால் வகுத்தால் 3x + 7y = 41. இரண்டுமே 1 அல்லது அதற்கு மேற்பட்ட முழு எண். 7y என்பது 41-ஐத் தாண்ட முடியாது என்பதால் y அதிகபட்சம் 5. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால், 2-க்கும் 5-க்கும் மட்டுமே x முழு எண்ணாக வருகிறது (9, 2). கூற்று 1 மட்டும் போதாது. கூற்று 2 மட்டும் என்றால் 1 முதல் 4 வரை எதுவும் இருக்கலாம். சேர்த்துப் பார்த்தால் 5 அடிபட்டு, 2 மட்டும் மிஞ்சுகிறது. இரண்டு கூற்றும் சேர்ந்தால் போதும்.

செலவு 1,150 ரூபாய் என்றிருந்தால்? 3x + 7y = 23. இதற்கு x = 3, y = 2 மட்டும்தான். ஷார்ட்கட் 'போதாது' என்று சொல்லும் இடத்தில் ஒற்றைச் சமன்பாடே போதுமானதாகிவிடுகிறது.

இனிமேல்தான் தமிழில் எழுதுபவர்களுக்கான விஷயம். வங்கி கிளார்க் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளிலும் எழுதலாம் என்ற முடிவு 2021-ல் வந்தது. அசமன்பாடு அங்கே குறியாக வராது, சொல்லாக வரும். கூற்று 2-ல் '5-க்குக் குறைவு' என்பதற்குப் பதிலாக '5-க்கு மிகாமல்' என்று போட்டால், 5-ம் உள்ளே வந்துவிடும். மறுபடியும் இரண்டு விடை, 'போதாது'. ஒரே ஒரு சொல், விடை தலைகீழ்! அதேபோல 'குறைந்தபட்சம் 5' என்றால் 5 சேரும், '5-க்கு மேல்' என்றால் சேராது. பேச்சில் "அஞ்சுக்கு மேல இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொல்லிப் பழகிய நாக்கு இங்கே காலை வாரிவிடும். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழியும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஃபார்முலாவை மனப்பாடம் செய்யவைக்கும் பயிற்சி வகுப்புகள் முதல் நாளே இந்த நாலு சொல்லையும் குறியாக எழுதிப் பழக்கலாம். பத்து நிமிஷ வேலைதான்.

இன்னொரு பொறி, மைனஸ். விலை, எண்ணிக்கை போன்றவை பூஜ்ஜியத்துக்கு மேல் என்று தெரிந்தால் அவற்றால் இரு பக்கமும் தைரியமாக வகுக்கலாம். 'லாபம்' என்று வந்தால் நிதானம் தேவை. நஷ்டமாக இருந்தால் அது மைனஸ், அதனால் வகுத்ததும் '>' குறி '<' ஆகத் திரும்பிவிடும்.