துணிப்பையில் ஒரு தத்துவம்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்காக ஊருக்குப் போயிருந்தபோது, தண்ணீரூற்றில் உறவினர் வீட்டுத் திண்ணையில் ஓர் உரையாடலைக் கேட்க நேர்ந்தது. கனடாவில் பிறந்து வளர்ந்த இளைஞன் ஒருவன் தோளில் துணிப்பையுடன் அமர்ந்திருந்தான். பூமியைக் காக்கும்படி அப்பை ஆங்கிலத்தில் எமக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய கமக்காரரான என் மாமாவிடம் அவன் கேட்டான்:

"தாத்தா, ஏன் வயலுக்கு யூரியா போடுறீங்கள்? மண் செத்துப்போகும் எல்லோ?"

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"போடாட்டி நாங்கள் செத்துப்போவம் தம்பி. அது கிடக்கட்டும், நீர் வந்த பிளேனுக்கு எவ்வளவு எண்ணெய் ஊத்தினவங்கள்?"

எல்லோரும் சிரித்தோம். பையனும் சிரித்தான். நல்ல பிள்ளை. அவனில் எனக்குக் கோபமில்லை. அவன் தோளில் தொங்கிய தத்துவத்தின் மீதுதான் கோபம். அதற்கு ஒரு வரலாறு உண்டு.

எங்கள் சிறுவயதில் 'ஹிப்பி' என்பது ஒரு வசவு. தலைமயிரை வெட்டாத பையனைப் பெரியவர்கள் அப்படித்தான் ஏசுவார்கள். குளிக்காதவன், கஞ்சா அடிப்பவன், வேலைவெட்டி இல்லாதவன் என்பதற்குமேல் அச்சொல்லுக்கு எம்மிடம் பொருள் இருக்கவில்லை. ஆனால் 1967இல் சான்பிரான்சிஸ்கோ நகரத் தெருக்களில் கூடிய அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்வி அற்பமானதன்று. ஒரு மனிதனுக்கு இவ்வளவு பொருள் எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். வியட்நாமில் குண்டு பொழிந்த நாட்டின், இரண்டு கார் நின்ற வீடுகளின் பிள்ளைகள் கேட்ட கேள்வி அது. 1970 ஏப்ரல் 22இல் அமெரிக்கா முதலாவது பூமி தினத்தைக் கொண்டாடியதில் அக்கேள்விக்கும் பங்குண்டு. 1955இல் பர்மாவுக்கு ஆலோசகராகப் போய், பௌத்தப் பொருளியல் பற்றிச் சிந்தித்துத் திரும்பிய ஷூமாக்கர், சிறியதே அழகு என்று 1973இல் நூலெழுதியபோது அதைக் கையில் ஏந்தியவர்களும் இவர்களே.

அவர்களின் தலைமுறையைச் சேர்ந்த சிலர் எம்மிடமும் வந்தார்கள். பாட்ரிக் ஹாரிகன் என்ற அமெரிக்க இளைஞர், செல்வச்சந்நிதியில் ஆச்சிரமம் அமைத்திருந்த 'ஜெர்மன் சுவாமி' கௌரிபாலாவைக் குருவாக ஏற்று, 1972இல் எங்கள் அடியார்களோடு கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை நடந்தார். முல்லைத்தீவுக் கரையோரமாகக் கிழக்கே இறங்கி, குமணக் காட்டைக் கடந்து செல்லும் பழைய வழி அது. போரால் அறுந்துபோன அந்த யாத்திரையைப் பின்னர் மீட்டெடுக்க உழைத்தவர்களிலும் அவர் ஒருவர். ஒரு துணி மூட்டையோடு வாழமுடியும் என்பதை எங்கள் கிழவிகளிடம் கற்றுக்கொள்ளவே அவர் போன்றோர் வந்தார்கள். எமக்கு உபதேசம் செய்ய வரவில்லை.

இதே காலத்தில் வன்னியில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் வேலையற்றிருந்த எங்கள் படித்த வாலிபர்கள், அரசின் குடியேற்றத் திட்டங்களின்கீழ் விசுவமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் போனார்கள். காடு வெட்டினார்கள். மிளகாய் நட்டார்கள். கலிபோர்னியப் பட்டதாரி மண்ணுக்குத் திரும்பியது அலுப்பினால். எங்கள் பட்டதாரி போனது வேறு வழியின்மையால். முன்னவனைப் பற்றி நூல்கள் வந்தன. பின்னவனுக்கு மலேரியா வந்தது. 1977க்குப் பின் இறக்குமதிக் கதவு திறக்கப்பட, அவன் மிளகாயின் விலையும் விழுந்தது. அவன் கிருமிநாசினியை அள்ளி ஊற்றினான் என்பதும் உண்மையே. அதை மறைத்து அவனை முனிவனாக்க நான் முயலவில்லை. அடுத்த போகத்துக்கு நெல் வேண்டுமென்றிருந்தவனுக்கு அடுத்த நூற்றாண்டைப் பற்றி யோசிக்க வசதியிருக்கவில்லை.

ஹிப்பியின் கேள்விக்கு இன்று என்ன நேர்ந்திருக்கிறது? 'குறைவாக வாங்கு' என்று அவன் சொன்னதை, 'பச்சை நிறத்தில் வாங்கு' என்று சந்தை திருத்தி எழுதிவிட்டது. மூங்கில் பற்தூரிகை, இயற்கைப் பருத்திச் சட்டை, இரட்டை விலையில் இரசாயனமற்ற கத்தரிக்காய், விமானச் சீட்டோடு சேர்த்து விற்கப்படும் கரிமப் பாவமன்னிப்பு. ஹிப்பியிடம் ஆயிரம் குறைகள் இருந்தன. வீடு திரும்பினால் தகப்பனின் பணம் காத்திருந்தது என்பது அவற்றில் முதலாவது. ஆயினும் தன் கொள்கையின் செலவைச் சில காலமேனும் அவன் தானே சுமந்தான். இன்றைய பசுமைவாதி அதை மற்றவன் தலையில் ஏற்றிவைக்கிறான். என் வழக்கு அதுதான்.

சான்று வேண்டுமா? 2021ஆம் ஆண்டு கோட்டாபய ராஜபக்ச அரசு, ஒரே இரவில் என்று சொல்லத்தக்க விதமாக, இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. மண்ணின்மேல் கொண்ட காதல் என்றார்கள். காலியாகிக்கொண்டிருந்த டொலர்க் கையிருப்பைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவ்வாண்டு நவம்பர் தொடக்கத்தில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் ஜனாதிபதி அதைப் பெருமையாக எடுத்துரைத்தார். அம்மாதம் முடிவதற்குள் தடை கைவிடப்பட்டது. இடையில் காலபோக விதைப்பு போயிற்று. வன்னிக் கமக்காரன் மஞ்சளித்த பயிரைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நின்றான். மண்ணை மெல்ல மெல்ல மீட்பதற்குப் பல ஆண்டு உழைப்பும் எருவும் கால்நடையும் வேண்டும் என்பதை அவனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். ஒருவரும் கேட்கவில்லை.

காட்டின் கதையும் அதுவே. 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 2008இன் இறுதியில் எறிகணைகளுக்கு அஞ்சி ஓடிய தமிழ்க் குடும்பங்களும் திரும்பி வந்தபோது, அவர்கள் விட்டுச்சென்ற காணிகளில் பற்றை வளர்ந்து மரமாகியிருந்தது. வன இலாகா எல்லைக்கல் நாட்டியது. கிணற்றுக் கட்டும் பழைய வேலியடியும் கிடந்த வளவுகள்கூடக் காடு என்று வாதிடப்பட்டன. மரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அகதியாகப் போன மனிதன் இல்லாத நேரத்தில் முளைத்த மரத்தை அவனுக்கெதிரான சாட்சியாக நிறுத்துவதைச் சூழல்நேயம் என்று நான் ஏற்கமாட்டேன்.

இத்தனையும் சொல்லிவிட்டு எம்மைத் தப்பவிடுவது நேர்மையாகாது. கதிர்காம யாத்திரை போகும் குமணக் காட்டில் இன்று பிளாஸ்ரிக் போத்தல்களும் பொலித்தீன் பைகளும் குவிகின்றன. மூட்டையைக் குறைப்பதற்கென்றே முன்னோர் நடந்த வழியில் குப்பையைச் சுமந்து சென்று கொட்டிவிட்டு வருகிறோம். கடல்நீரை எடுத்துவந்து விளக்கேற்றும் ஊர் எங்கள் ஊர். தண்ணீரின் ஊற்றுகளையே பெயராகக் கொண்ட ஊர். அங்கு நிலத்தடி நீரை உறிஞ்சக் குழாய்க்கிணறு அடிக்கத்தான் புலம்பெயர்ந்த நாங்கள் முதலில் காசு அனுப்புகிறோம். வளவு முழுவதற்கும் சீமெந்து போட இரண்டாவதாக அனுப்புகிறோம். மழைநீர் இறங்க இடமெங்கே?

ஆகவே, துணிப்பைகளைச் சுமப்பவர்களிடம் எனக்கொரு விண்ணப்பமுண்டு. கமக்காரனிடம் யூரியாவைக் கைவிடச் சொல்லுமுன், அவன் விளைச்சல் குறையும் முதல் மூன்று போகங்களின் நட்டத்தை யார் தாங்குவது என்று சொல்லுங்கள். உங்கள் சங்கங்கள் கோயில் கோபுரங்களுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை ஊரின் சிறுகுளங்களைத் தூர்வார ஒதுக்குங்கள். அடுத்த பொங்கலுக்கு வரும்போது தண்ணீர்ப் போத்தல் பெட்டி பெட்டியாக வேண்டாம். ஒரு செம்பு போதும்.

அன்று மாலை அந்தப் பையனை மாமா வயலுக்குக் கூட்டிப்போனார். இருட்டியபின் சேறு படிந்த காலோடு திரும்பி வந்தவன், எருவுக்கு மாடு வாங்குவதென்றால் என்ன விலை வரும் என்று என்னிடம் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. மாமாவிடமே கேட்கும்படி சொன்னேன்.