ராஜா இல்லாத கோட்டையில் ஒரு மே மாதம்

எங்க ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. வேலூர்க்காரன் எவனிடம் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்லுவான். இதில் நடுவில் இருப்பது 1981ல் பொய்யாகிவிட்டது. பல தலைமுறைகளாகப் பூஜை இல்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு அந்த வருஷம் லிங்கம் திரும்பி வந்தது. கடைசியில் இருப்பது எப்போதுமே பாதிப் பொய். ராஜா இருந்தார், கைதியாக.

போன மே மாதம் அந்தக் கோட்டைக்கு என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வயசு ஏழு. பெங்களூரில் வளர்கிறவள், லீவுக்கு சத்துவாச்சாரியில் என் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ‘குழந்தைகளுக்கான கோடை பாரம்பரியத் திருவிழா’ என்று வாட்ஸப்பில் ஒரு போஸ்டர் வந்தது. தலைக்கு அறுநூறு ரூபாய். நடத்தியவர்கள் பெயர் இங்கே வேண்டாம், இவர்கள் இல்லையென்றால் இன்னொருவர் இதையேதான் செய்திருப்பார்கள். காகிதக் கிரீடம், அட்டைக் கத்தி, முகத்தில் பெயிண்ட், புதையல் வேட்டை, செல்ஃபி எடுக்க தெர்மாகோல் சிம்மாசனம். மைக்கில் ஒரு அண்ணன், “யாருக்கெல்லாம் ராஜா ஆகணும்?” என்று கத்தினார். எல்லாக் கையும் மேலே போனது. என் மகள் மட்டும், “இங்க எந்த ராஜா இருந்தார் அங்கிள்?” என்று கேட்டாள். “ரொம்பப் பெரிய ராஜா!” என்றார் அவர். அடுத்த விளையாட்டுக்குப் போய்விட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அந்தக் கேள்விக்கு விடை அவர் நின்ற இடத்திலேயே இருந்தது.

1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கொல்லப்படுகிறார். அவருடைய மனைவிகள், மகன்கள், மகள்கள், வேலைக்காரர்கள் என்று ஒரு பெரிய குடும்பமே இந்தக் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டது. 1806 ஜூலையில் திப்புவின் மகள் ஒருவருக்கு இங்கே கல்யாணம். அந்தச் சந்தடியோடு சந்தடியாக, ஜூலை 10 விடிவதற்கு முன்னால், சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை கட்டு என்று வந்த உத்தரவுதான் உடனடிக் காரணம். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து அன்று பகலுக்குள் எல்லாவற்றையும் முடித்தது. சுமார் நூறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். 1857க்கு 51 வருஷம் முன்னால் நடந்தது இது. அப்புறம் திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டு, சில வருஷத்தில் கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனைக் குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1832ல் இறக்கும்வரை கைதி.

கடைசி நூற்றாண்டுகளில் இந்தக் கோட்டையின் கதை, அடைத்து வைக்கப்பட்ட குடும்பங்களின் கதை. அதை மறைத்துவிட்டு ஒரு குழந்தையின் தலையில் காகிதக் கிரீடம் வைப்பது விளையாட்டு இல்லை, அறுநூறு ரூபாய்க்கு விற்ற பொய். குழந்தைக்கு இதெல்லாம் புரியாது என்பார்கள். அப்பா இல்லாமல் ஒரு வீட்டில் பூட்டி வைக்கப்பட்ட பிள்ளைகளின் கதை ஏழு வயசுக்குப் புரியாது என்றால் வேறு எதுதான் புரியும்?

இதுவரைக்கும் என் இலக்கிய நண்பர்கள் தலையாட்டுவார்கள் என்று தெரியும். அடுத்தது அவர்களுக்கு.

“கோட்டையை பிக்னிக் ஸ்பாட் ஆக்கிட்டாங்க மச்சான். புளிசோத்து மூட்டையோட வந்து உக்காந்துடறாங்க.” இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன். பத்து வருஷம் முன்னால் நானே எழுதியிருக்கிறேன். வரலாறு என்றால் அமைதியாக, தனியாக, கையில் கேமராவோடு பார்க்கவேண்டியது என்று நினைத்த காலம் அது. இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

யார் அங்கே உட்கார்கிறார்கள் என்று ஒருநாள் பாருங்கள். மே மாத வேலூரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மதியம் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அகழியோரத்து மரநிழலின் விலை தெரியும். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளக் குடும்பங்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் ரிசல்ட் வர இரண்டு நாள் ஆகும், லாட்ஜ் அறையில் காற்று வராது, சாயங்காலம் பிள்ளைகளோடு புல்லில் வந்து உட்கார்கிறார்கள். 133 ஏக்கர் கோட்டை. கோயில், மசூதி, சர்ச் மூன்றும் ஒரே மதிலுக்குள். இவர்களுக்கு இடம் இல்லை என்றால் வேறு யாருக்காக அதைக் காப்பாற்றுகிறோம்?

சுவரில் பெயர் கிறுக்குகிறார்களே, பிளாஸ்டிக்கை அகழியில் போடுகிறார்களே என்றால், ஆமாம், போடுகிறார்கள். கிறுக்கினால் அபராதம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குப்பைத் தொட்டி, குடிக்கத் தண்ணீர், பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை, இவற்றைக் கேட்காமல் வேலி போடச் சொல்வது சோம்பேறித்தனம். வேலி போட்டால் அடுத்தது டிக்கெட் வரும். டிக்கெட் வந்தால் தெர்மாகோல் சிம்மாசனம் மட்டும்தான் மிஞ்சும். அந்த மைக் அண்ணனும் என் நண்பர்களும் எதிரெதிராக நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து வெளியே தள்ளுவது அந்தப் புல்லில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தைத்தான்.

அன்றைக்குப் பாதியிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு மதில்மேல் ஏறினேன். வெயில் இறங்கியிருந்தது. அம்மா ஒரு தூக்கில் எலுமிச்சை சாதம் கொண்டுவந்திருந்தார். மகள் மறுபடி கேட்டாள், இந்த முறை அவரிடம்.

“ஆயா, இங்க ராஜா இருந்தாரா?”

“இருந்தாரு கண்ணு. வெளிய உடல அவர.”

“அவங்க பாப்பா?”

“அதுங்களையும்தான்.”

மகள் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அகழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவங்க தண்ணிய தாண்டி ஓடியிருக்கலாம்ல?” என்றாள். அம்மாவுக்கு 1806 என்ற வருஷம் தெரியாது. சோற்றுக் கையோடு அகழியைக் காட்டி, எவ்வளவு அகலம் பார், நீச்சல் தெரியாத பிள்ளைகள் என்ன செய்யும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போது இருட்டியிருந்தது. மக்கான் சிக்னலில் இருக்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூண் பக்கம் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். டிரைவர், “என்ன சார், ஏதாவது விட்டுட்டீங்களா?” என்று கேட்டார்.

லீவுக்கு ஏதாவது ஒரு கோட்டைக்குப் போவீர்கள். சாப்பாட்டு மூட்டையோடு போங்கள். வீட்டில் வயசானவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இங்கே யார் இருந்தார்கள், யாரால் வெளியே போக முடியவில்லை என்று பிள்ளை கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். குப்பையை மட்டும் திரும்ப எடுத்து வாருங்கள்.