தலைவிதியா? பூஞ்சைக்காளானா?

கடமலைக்குண்டு, வருசநாடு பக்கத்துக் கிராமங்களில் ஒருவனுக்குத் தீராத தலைவலி கண்டு, வலிப்பும் வந்து, ஒரு பக்கத்துக் கைகால் விழுந்துவிட்டால், முதலில் கூப்பிடப்படுகிறவன் கோடாங்கியே ஒழிய டாக்டர் அல்ல. உடுக்கை அடித்து, சேவல் அறுத்து, விபூதி போட்டு ஓய்ந்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், ஸ்கேன் படத்தில் மூளைக்குள் ஒரு கட்டி தெரிகிறது. உடனே வீட்டார், "புற்றுநோயாம், இனி விதிப்படி நடக்கட்டும்" என்று திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பேய் என்றதை விசாரியாமல் நம்பியவர்கள், இதையும் விசாரியாமலே நம்பிவிடுகிறார்கள்.

படத்தில் கட்டியாய்த் தெரிவதெல்லாம் புற்று ஆகிவிடாது. க்ஷயரோகமும், நாடாப்புழுவின் குஞ்சும் மூளையில் கட்டிபோலத் தெரிவதுண்டு. மக்கிய வைக்கோலிலும் எருக்குழியிலும் நாம் தினம் காண்கிற பூஞ்சைக்காளானின் இனமும் அப்படியே. ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் காளான் மூக்கை அடுத்த எலும்பறைகளில் குடியேறி, எலும்பை அரித்து, கண்ணையும் மூளையையும் எட்டுகிறது. வெயிலும் புழுதியும் மிகுந்த இந்தியாவிலும் சூடானிலும் இது நல்ல திடகாத்திரமுள்ளவர்களுக்கும் வருகிறது. புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் சுவாசப்பை வழியாக நுழைந்து மூளைக்குப் போகிறது. 2021-ம் வருஷத்தில் கொரோனாவோடு வந்த கருப்புப் பூஞ்சை, நீரிழிவுக்காரரையும் ஸ்டீராய்டு மருந்து அதிகம் உண்டவரையும் தேடிப் பிடித்தது. அவ்வருஷம் ஜூலைக்குள் 45 ஆயிரம் பேருக்கு மேல் கண்டு, 4 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டதாகப் பார்லிமெண்டில் சர்க்காரே கணக்குக் கொடுத்தது.

"எதுவாயிருந்தால் என்ன, கட்டி கட்டிதானே?" என்று சிலர் கேட்கலாம். அங்கேதான் உயிர் இருக்கிறது. புற்றுக்குக் கொடுக்கும் கதிர் சிகிச்சை காளானைக் கொல்லாது. வீக்கம் வடியக் கொடுக்கும் ஸ்டீராய்டோ உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துக் காளானுக்கு வழி விட்டுவிடும். காளானுக்கு ஆம்போடெரிசின், வோரிகோனசோல் போன்ற தனி மருந்துகள் உண்டு. ஆகவே, முடிந்த இடங்களிலெல்லாம் கட்டியிலிருந்து துளி சதை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, வளர்த்தும் பார்த்த பிறகே இன்ன வியாதி என்று தீர்மானிக்க வேண்டும். படம் ஒரு சாட்சி மாத்திரமே. சாட்சி சொன்னவுடன் எந்தக் கோர்ட்டாவது தூக்குத் தண்டனை கொடுக்குமா?

மூளையில் புகுந்த காளான் கொடியது என்பதையும், மருந்து கொடுத்தும் பலர் பிழைப்பதில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. அதனாலேயே கோடாங்கி வீட்டில் கழியும் ஒவ்வொரு நாளும் நஷ்டம் என்கிறோம்.

தோழர்களே! க. விலக்கில் தேனி அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. சேவலுக்கு ஆகும் பணம் பஸ் சார்ஜுக்குப் போதும். மூக்கடைப்பு, மூக்கில் கறுப்பு நீர், கண் பிதுங்குதல், சர்க்கரை வியாதி, முன்பு தின்ற மாத்திரை ஆகிய எதையும் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். "இது காளானாய் இருக்குமா? சதை எடுத்துப் பார்த்தாயிற்றா?" என்று பயமில்லாமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்காமல் தலைவிதி என்று திரும்பிவிடுவதுதான் வீட்டிலுள்ளவனுக்குச் செய்யும் துரோகமாகும்.