சட்டமும் நாமும்: மகளுக்கு எந்தப் புத்தகம்?



சென்ற மாதம் தம்புள்ளைக்குப் போயிருந்தேன். பொருளாதார மத்திய நிலையத்தில் வெங்காயம் தெரிந்து மூட்டை கட்டும் வேலை செய்யும் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். வன்னியிலிருந்து வந்து அங்கே வாடகை வீட்டில் இருப்பவர். 2009இல் கணவர் காணாமற் போனபோது மகளுக்கு மூன்று வயது. அந்த மகள் இப்போது சட்டம் படிக்கத் தொடங்கியிருக்கிறாள்.

"அக்கா, இதை ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ. நல்ல புத்தகம்தானே?" என்று ஒரு தடித்த புத்தகத்தை நீட்டினார். இரண்டு நாள் கூலியைக் கொடுத்து வாங்கியது. தமிழில் அச்சாகியிருந்தது. ஆனால் அது இந்தியத் தண்டனைச் சட்டம் பற்றிய புத்தகம். பிள்ளை அதில் பாதியை மனப்பாடமும் செய்துவிட்டாள். "கொலைக்கு 302ஆம் பிரிவு, அன்ரி" என்றாள். எனக்கு மனம் கனத்துப் போனது.

அந்தப் பிள்ளையில் பிழையில்லை. எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அது 1860ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தை மாதிரியாக வைத்தே எழுதப்பட்டது. ஆகவே வசனங்கள் ஒன்றுபோலவே இருக்கும், இலக்கங்கள்தான் வேறு. எங்கள் நாட்டில் கொலை என்றால் என்ன என்று சொல்வது 294ஆம் பிரிவு. அதற்குத் தண்டனை சொல்வது 296ஆம் பிரிவு. இந்தியாவிலுங்கூட அந்தப் பழைய சட்டம் இப்போது இல்லை. 2024 யூலை 1 முதல் பாரதிய நியாய சங்கிதை என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே கொலைக்குத் தண்டனை இப்போது 103ஆம் பிரிவில் உள்ளது.

இதுபோல் ஏமாறாமல் இருக்க, புத்தகக் கடையில் நின்றபடியே பார்க்கக்கூடிய சில விடயங்களைச் சொல்கிறேன். தாய்மாரும் பார்க்கலாம். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலாவது, எந்த நாட்டுச் சட்டம்? கொலை பற்றிய அத்தியாயத்தைத் திறந்து 294, 296 என்ற இலக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சொற்களும் காட்டிக் கொடுக்கும். நாங்கள் சட்டத்தரணி, நீதவான் என்போம். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் வழக்கறிஞர், மாஜிஸ்திரேட் என்று இருக்கும். இன்னொரு சொல் மிகவும் குழப்பும். "உயர் நீதிமன்றம்" என்றால் எங்களுக்கு நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். இந்தியாவில் அது மாநில மட்ட நீதிமன்றம். அதற்கு மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இது தெரியாத மாணவி தீர்ப்பின் பெறுமதியையே பிழையாக எடைபோடுவாள்.

இரண்டாவது, எந்த ஆண்டு எழுதப்பட்டது? அச்சிட்ட ஆண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். மறுபதிப்பில் பழைய விடயமே இருக்கலாம். பேராசிரியர் ஜி.எல். பீரிஸ் 1970களில் ஆங்கிலத்தில் எழுதிய குற்றவியல் சட்ட நூல்கள் எண்ணம், கவனக்குறைவு, தற்பாதுகாப்பு போன்ற அடிப்படைகளை விளங்கிக்கொள்ள இன்றும் உதவும். ஆனால் அவற்றுக்குப் பிறகு பெண்களைப் பற்றிய சட்டம் வெகுவாக மாறிவிட்டது.

1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தை நினைவில் வைத்திருங்கள். சம்மத வயதை 12இலிருந்து 16ஆக உயர்த்தியது அதுதான். பாலியல் தொந்தரவை 345ஆம் பிரிவில் தெளிவாகக் குற்றமாக்கியதும் அதுதான். சம்மதம் இருக்கவில்லை என்று நிரூபிக்க உடலில் காயம் இருந்தேயாக வேண்டும் என்பதில்லை என்று 363ஆம் பிரிவில் எழுதியதும் அதுதான். "காயம் இல்லையே, அப்படியென்றால் சம்மதம்தானே" என்ற கேள்வியை எத்தனை பெண்கள் கேட்டிருக்கிறார்கள்! அந்த விளக்கம் இல்லாத புத்தகத்தைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும், பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் பேசப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, எங்கள் கதை அதில் இருக்கிறதா? 1996 செப்ரெம்பரில் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டு, வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். 1998இல் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினரைக் குற்றவாளிகளாகக் கண்டது. 2004இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சூழ்நிலைச் சான்றை எப்படி எடைபோடுவது என்பதற்குச் சட்ட மாணவர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. இப்படியான எங்கள் நாட்டுத் தீர்ப்புகளைக் காட்டி விளக்கும் புத்தகமே மாணவிக்கு உதவும்.

நான்காவது, அது சிந்திக்கப் பழக்குகிறதா? மகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "அம்மா அவசரத்தில் பக்கத்துக் கடைக்காரரின் வெங்காய மூட்டையைத் தன்னுடையது என்று நினைத்துத் தூக்கிவிட்டால் அது களவா?" அவள் களவின் தண்டனையை ஒப்புவித்தாள். விடை அதுவல்ல. 366ஆம் பிரிவின்படி களவுக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். அசையும் பொருளாக இருக்க வேண்டும். இன்னொருவரின் கையிருப்பிலிருந்து, அவருடைய சம்மதமில்லாமல் எடுக்கும் நோக்கோடு அதை அசைத்திருக்க வேண்டும். அம்மாவிடம் நேர்மையற்ற எண்ணம் இல்லை, ஆகவே களவில்லை. இப்படி ஒவ்வொரு குற்றத்தையும் கூறுகூறாகப் பிரித்துக் காட்டுவதே நல்ல பாடநூல்.

கடைசியாக ஒன்று. எந்தப் பாடநூலும் சட்டக்கோவைக்கு ஈடாகாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும். புதிய சட்டங்களைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் மூன்று மொழிகளிலும் பார்க்கலாம். பல சட்டங்களின் முடிவில், இரு மொழி உரைகளுக்கிடையே முரண்பாடு ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று எழுதியிருக்கும். ஆகவே எங்கள் பிள்ளைகள் தமிழில் விளங்கிப் படிக்கட்டும். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் விடாமல் பழகட்டும். தம்புள்ளையில் வளர்ந்த இந்தப் பிள்ளைக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அது அவளுக்குப் பெரிய பலம்.

நான் புறப்படும்போது தாய் மெதுவாகக் கேட்டார். "இவளின்ர அப்பான்ர விசயமும் அந்தப் புத்தகங்களில இருக்குமோ?"

இருக்க வேண்டும் என்றேன். வலிந்து காணாமலாக்குவதை 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. அதற்கு முன்னர் நடந்தவற்றுக்கு அது பொருந்துமா என்பது பெரிய கேள்வி. செய்தபோது குற்றமாக இல்லாத செயலுக்காகப் பின்னர் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 13(6)ஆம் உறுப்புரை. உலக நாடுகளின் பொதுவான சட்டக் கோட்பாடுகளின்படி அப்போதே குற்றமாக இருந்தவற்றை அது தடுக்காது என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. இரண்டு பக்கத்தையும் சொல்லித்தரும் புத்தகத்தைத் தேடு என்று மகளிடம் சொன்னேன்.

பழைய புத்தகத்தை எறிய வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்றும் சொன்னேன். அவள் அதன் முதற் பக்கத்தில் "இது இந்தியச் சட்டம்" என்று எழுதி வைத்தாள். தாய் அதை வாங்கித் துடைத்து, மற்றக் கொப்பிகளோடு அடுக்கினார்.