தடைக்குத் தண்டனையாகத் திறனைப் பறிக்க வேண்டாம்

“கையெழுத்து திருந்தும் வரை படம் வரையக் கூடாது.” “வீட்டுப்பாடத்தை முடித்த பிறகுதான் சதுரங்கப் பலகை.” பிள்ளைகள் பள்ளி செல்லும் வீடுகளில் இத்தகைய கட்டளைகள் புதியவை அல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவற்றால் பெரிய கேடு விளைவதில்லை. ஆனால், ஒன்றில் வயதை மிஞ்சிய திறனும் மற்றொன்றில் எளிதில் கடக்க இயலாத தடையும் ஒருங்கே உடைய பிள்ளைக்கு இவை உண்மையான தீங்கைச் செய்கின்றன என்பது என் கருத்து. அப்பிள்ளையின் கையெழுத்து இந்த மாதம் திருந்தப் போவதில்லை. ஆகவே படம் வரையும் நாளும் வரப் போவதில்லை.

மூளையின் வளர்ச்சி எல்லோரிடமும் ஒரே வகையில் அமைவதில்லை. ஆட்டிசம், ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவும் மிகை இயக்கமும், எழுத்துக்கூட்டிப் படிப்பதில் தடுமாற்றம் தரும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள் ஆகியவை அவ்வேறுபாட்டின் வடிவங்கள். இத்தகைய பிள்ளைகளுள் சிலர் மீத்திறன் உடையவர்களாகவும் இருப்பர். அவர்களைக் கண்டறிவது கடினம்; ஏனெனில் ஒன்றை மற்றொன்று மறைத்துவிடும். கேட்ட பாடத்தை அப்படியே ஒப்பிக்கும் நினைவாற்றல் உடைய சிறுமி, உண்மையில் படிக்கத் தடுமாறுகிறாள் என்பது நான்காம் வகுப்பு வரையிலும் வெளியே தெரியாமற் போகலாம். மனக்கணக்கில் ஆசிரியரை முந்தும் சிறுவன் அதையே தாளில் எழுத இயலாதபோது, அவனுக்குக் கிடைப்பவை ‘சோம்பேறி’, ‘திமிர் பிடித்தவன்’ என்னும் பட்டங்களே. இரண்டையும் கூட்டி வரும் மொத்த மதிப்பெண்ணோ அவனை ‘சுமாரான மாணவன்’ என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

காரைக்காலிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய கும்பகோணத்தில், ஒரு நூற்றாண்டுக்கு முன் நிகழ்ந்ததை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருத்தம். கணித மேதை இராமானுஜன் 1904ஆம் ஆண்டு அவ்வூர் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதத்திற்கான பரிசுடன் படிப்பை முடித்து, உதவித்தொகையுடன் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கியிருந்த அவர் ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை நிறுத்தப்பட்டது. 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் அவரால் தேற முடியவில்லை.

அவருக்கு இன்ன நிலை இருந்தது என்று இன்று எவரும் பெயர் சூட்ட இயலாது. சூட்டுவது முறையும் அன்று. நாம் பார்க்க வேண்டியது அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடுகளை. ஒரு பாடத்தில் இருந்த தடைக்காக, மற்றொரு பாடத்தில் இருந்த திறனின் வாழ்வாதாரமே பறிக்கப்பட்டது. அவரை மீட்டவர்கள் அவருடைய ஆங்கிலத்தைத் திருத்தியவர்கள் அல்லர். அவருடைய குறிப்பேட்டைத் திறந்து படித்தவர்கள். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயர் அதைப் படித்தார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பண உதவி செய்தார். 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. 1918இல் அவர் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். மனிதர் மாறவில்லை, ஏற்பாடு மாறியது.

நம் பிள்ளைகள் எல்லோரும் இராமானுஜன் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. நரம்பியல் வேறுபாடு உடைய பிள்ளைகளுள் பெரும்பாலோர் மேதைகள் அல்லர்; அவர்கள் மேதைகளாக இருந்தால்தான் நம் அன்புக்கும் கல்விக்கும் உரியவர்கள் என்பதும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு பிள்ளையிடமும் தானே விரும்பிச் சென்று தங்கும் ஓரிடம் உண்டு. ஒருவனுக்கு அது பேருந்து நேர அட்டவணை. ஒருத்திக்கு நாகசுர இசை. பேச்சே வராத ஒரு குழந்தைக்குக் கூழாங்கற்களை நிறவாரியாக அடுக்குவது. கற்பித்தலும் பயிற்சியும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1905இல் இல்லாத பாதுகாப்பு இன்று சட்டமாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 நிலைகளுள் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அடங்கும். பாடத்திட்டத்திலும் தேர்விலும் தகுந்த மாற்றங்கள் செய்யவும், கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் அளிக்கவும், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு அளிக்கவும் அச்சட்டம் வழி செய்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புடையவர் எனச் சான்று பெற்ற பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு.

புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்திற்கு மாறத் தொடங்கியதால், அவ்வாரியத்தின் சலுகைகளை நம் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெறலாம். எல்லைக்கு அப்பால் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டப் பள்ளிகளில் பயில்வோருக்குத் தமிழ்நாடு அரசுத் தேர்வுத் துறையின் சலுகைகள் தனியே உள்ளன. எதுவாயினும் விண்ணப்பம் பள்ளி வழியாகவே செல்ல வேண்டும். பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதத்தில் ஓடுவதைவிட ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசுவது நல்லது. ஏடிஎச்டி இச்சட்டத்தின் பட்டியலில் தனியே இடம்பெறவில்லை. ஆகவே அந்நிலையுடைய பிள்ளைக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டறிவது அவசியம்.

“சான்று வாங்கினால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடுமே” என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தை நான் இழிவாகக் கருதவில்லை. ஆனால் முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது: ‘மக்கு’, ‘அடங்காதவன்’ என்று. மருத்துவம் தரும் பெயர் அதைவிடத் துல்லியமானது, உதவிக்கு வழிகாட்டுவது.

காலம் தாழ்த்துவதே பெரிய இழப்பு. பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வயதிலும் திரும்பிப் பாராமை, ஒன்றரை வயதிலும் பொருளுள்ள ஒரு சொல்லும் வாராமை, இரண்டு வயதிலும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, எந்த வயதிலாயினும் வந்த பேச்சு நின்றுபோதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், செவித்திறனையும் சோதியுங்கள். “அவன் மாமனும் தாமதமாகத்தான் பேசினான்” என்று காத்திருக்க வேண்டாம். திருநள்ளாற்றில் நீராடுவதும் நாகூரில் வேண்டிக்கொள்வதும் மனத்திற்குத் தெம்பு தருமாயின் தாராளமாகச் செய்யுங்கள். அதே வாரத்தில் மருத்துவமனைக்கும் வாருங்கள்.

கற்றல் குறைபாட்டுக்கான சான்று எட்டு வயதுக்குப் பின்னரே வழங்கப்படுகிறது. ஆனால் உதவிக்கு வயது வரம்பு இல்லை. மதிப்பீட்டுக்கு வரும்போது தமிழ், ஆங்கிலம் இரண்டின் குறிப்பேடுகளையும் கொண்டுவாருங்கள். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளை ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறுகிறதா, தமிழிலும் தடுமாறுகிறதா என்பது முக்கியமான தடயம். கூடவே, பிள்ளை விரும்பிச் செய்த ஓவியத்தையோ தானே போட்ட கணக்கையோ கொண்டுவாருங்கள். எது வராது என்பதோடு எது வரும் என்பதையும் மதிப்பிடச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

வீட்டில் செய்ய வேண்டியது மிக எளிது. நாள்தோறும் அரை மணி நேரமாவது, எந்த நிபந்தனையும் இன்றி, பிள்ளைக்குப் பிடித்த செயலுக்கு ஒதுக்குங்கள். அன்றைய வீட்டுப்பாடம் முடியாவிட்டாலும் அந்த நேரத்தைப் பறிக்காதீர்கள். தடையுள்ள பகுதிக்கான பயிற்சி குறுகியதாகவும் நாள்தோறும் நடப்பதாகவும் இருக்கட்டும்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மருத்துவச் சான்று வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியவை பல: வினாவை வாசித்துக் காட்டுதல், விடையை வாய்மொழியாகக் கேட்டல், கரும்பலகைக்கு அருகில் அமர்த்துதல், எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்கச் சொல்லாதிருத்தல். பத்துக் கணக்கை விரைந்து முடித்த மாணவிக்கு அதே போன்ற இன்னும் இருபது கணக்கு தருவது திறனுக்கு விதிக்கும் அபராதம். அவளுக்குக் கடினமான ஒரே ஒரு கணக்கைக் கொடுங்கள்.

“நாளை வேலைக்குச் சென்றால் யார் கூடுதல் நேரம் தரப் போகிறார்கள்?” என்னும் வினா எழும். வேலையிடத்தில் எவரும் எல்லாப் பாடங்களிலும் தேர்வு வைப்பதில்லை. தன்னால் இயன்ற ஒன்றைச் செய்பவரையே தேடுகிறார்கள். எஃப்.ஏ. தேறாத இராமானுஜனுக்கும் துறைமுக அலுவலகத்தில் ஓர் இருக்கை இருந்தது. பள்ளிப் பருவத்திலேயே நம்பிக்கை இழந்த பிள்ளைக்கு அந்த இருக்கை வரை சென்றுசேர்வதுதான் கடினம்.

இறுதியாக, தாய்மார்களுக்கு ஒரு சொல். இந்நிலைகள் உங்கள் வளர்ப்பால் வந்தவை அல்ல. தடுப்பூசியால் வந்தவையும் அல்ல. உறவினர் கூடும் இடங்களில் நீங்கள் கேட்கும் பழிச்சொற்களுக்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை. பழியைச் சுமக்கச் செலவாகும் வலுவைப் பிள்ளைக்காகச் சேமியுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது தந்தையையும் உடன் அழைத்து வாருங்கள். கேட்டறிய வேண்டியவை இருவருக்கும் பொதுவானவை.