"அங்க என்ன சார் இருக்கு பார்க்க?"

பழைய மாணவன் ஒருவன் நேற்றுப் படங்கள் போட்டிருந்தான். 'சைக்கிளில் சென்னைக் கடற்கரை முழுவதும்' என்று தலைப்பு வேறு. பார்த்தால் மெரினாவில் தொடங்கி மாமல்லபுரத்தில் முடிகிறது. "வடக்கே ஏன்ப்பா போகல?" என்று கேட்டேன். "அங்க என்ன சார் இருக்கு பார்க்க?" என்கிறான். டோல்கேட்டில் பிறந்து வளர்ந்த பையன்! பெயர் சொல்லமாட்டேன், அவனுக்கே தெரியும்.

என்ன இருக்கிறது என்று கேட்டாயே, முதலில் உன் மெரினாவைப் பற்றிச் சொல்கிறேன். நம் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களில் துறைமுகத்துக்குக் கற்சுவர் எழுப்பத் தொடங்கியதும் அந்த மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை போனது, குப்பங்களில் வீடுகள் போயின. இன்று கருங்கல்லைக் கொட்டி, தூண்டில் வளைவு போட்டு மிச்சத்தைக் காப்பாற்றுகிறோம். நீ செல்பி எடுத்த மணல் எங்களுக்கு வரவேண்டிய மணல், தம்பி.

'அழுக்கு ஏரியா' என்று உறவுக்காரர்களும் சொல்கிறீர்கள். அழுக்காக்கியது யார்? 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது எர்ணாவூர்க் கரையில் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு முகத்துவாரம் முழுக்க எண்ணெய். அதே மாதம் அமோனியா கசிந்து பெரியகுப்பத்து ஜனங்கள் நடுராத்திரியில் ஓடினார்கள். இதில் எது அவர்கள் செய்தது?

இங்கேயும் சைக்கிள் மிதிக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு 'சைக்ளிஸ்ட்' என்ற பெயர் கிடையாது. ஷிப்டுக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓரம் தேடிப் போகிறார்கள். 1989இல் என் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் காலையில் பள்ளிக்குக் கிளம்பியவன் வந்து சேரவில்லை. அந்த வகுப்பில் படித்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள். அவனுடைய சைக்கிள் எந்த நிலையில் கிடந்தது என்று உங்களுக்கும் நினைவிருக்கும். சைக்கிளுக்குத் தனிப் பாதை என்று பேச்சு வரும்போதெல்லாம் பொழுதுபோக்குக்கு மிதிக்கிற பக்கமே நினைவுக்கு வருகிறதே, பிழைப்புக்கு மிதிக்கிற பக்கம் ஏன் வருவதில்லை?

"ஆபத்து என்று நீங்களே சொல்லிவிட்டு எங்களைக் கூப்பிடுகிறீர்களா சார்?" என்பீர்கள். லாரிச் சாலையில் மிதிக்கச் சொல்லவில்லை. நடந்து வாருங்கள். எண்ணூர் முகத்துவாரம் சுமார் பத்து கிலோமீட்டர்தான். பட்டினத்தார் சமாதியில் சற்று உட்காரலாம், கடல் காற்று நன்றாக வரும். குப்பத்தில் வலை பின்னுகிறவரிடம் பேசினால், கரை முன்பு எதுவரை இருந்தது என்று கடலுக்குள் கை நீட்டிக் காட்டுவார். முட்டி வலியோடு போன மாதம் நான் பாதி தூரம் நடந்தேன், மீதிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு டோல்கேட் மெட்ரோ வாசலில் நிற்பேன். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கொண்டு வாருங்கள். படம் போட்டவனே, நீ கட்டாயம் வரவேண்டும். வருகைப் பதிவு எடுப்பேன்.