வெள்ளைச் சேலைதான் விதவைக்கு அடையாளமா?

சினிமாவில் ஒரு பெண் திரையில் தோன்றுகிறாள். வெள்ளைச் சேலை கட்டியிருக்கிறாள். நெற்றியில் பொட்டு இல்லை. கூந்தலில் பூ இல்லை. யாரும் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. ஆனாலும், "ஐயோ பாவம், புருஷனை இழந்தவள்" என்று கொட்டகையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

வசனம் எழுதுகிறவர் பத்து வரியில் சொல்ல வேண்டியதை, உடை அலங்காரம் செய்கிறவர் ஒரே சேலையில் சொல்லிவிடுகிறார்!

தமிழில் முதல் முழுநீளக் கலர்ப் படம் 1956-ல் வந்தது. "அலிபாபாவும் 40 திருடர்களும்" என்பது அதன் பெயர். கறுப்பு-வெள்ளைப் படங்களில் பச்சைச் சேலையும் சிவப்புச் சேலையும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். வெள்ளைச் சேலை மட்டும் வெள்ளையாகவே தெரியும். ஆகவே, விதவையைக் காட்ட அது சுலபமான வழியாக இருந்தது. கலர்ப் படம் வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. சுற்றிலும் பல நிறங்கள் இருக்க, நடுவில் நிற்கும் வெள்ளைச் சேலை இன்னும் அதிகமாகக் கண்ணில் பட்டது.

ராதாவின் கதை

1975-ல் வெளிவந்த "ஷோலே" இந்திப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் தாக்கூரின் விதவை மருமகள் ராதாவாக ஜெயா பாதுரி நடித்தார். வெள்ளைச் சேலையில், பேச்சில்லாமல், இரவில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பாள் ராதா. ஆனால் பழைய நாட்களைக் காட்டும் காட்சியில், அதே ராதா ஹோலிப் பண்டிகையில் கலர்ப் பொடியை வீசிச் சிரித்து விளையாடுகிறாள்!

ராதாவுக்கு மறுமணம் செய்து வைக்க மாமனாரே முன்வருகிறார். அவளுடைய தந்தையிடம் பேசுகிறார். ஆனால் அவளை விரும்பிய ஜெய் சண்டையில் இறந்துவிடுகிறான். ராதா வெள்ளைச் சேலையிலேயே நின்றுவிடுகிறாள்.

தமிழில் 1984-ல் "வைதேகி காத்திருந்தாள்" வந்தது. இளம் விதவையாக ரேவதி நடித்தார். வெள்ளைச் சேலையோடு அவர் நடனம் ஆடும் காட்சி ரசிகர்களின் மனத்தை உருக்கியது.

இந்தப் படங்களை எடுத்தவர்கள் இரக்கம் உள்ளவர்கள்தான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் படத்துக்குப் படம் இதே காட்சியைப் பார்த்தால் என்ன ஆகும்? "விதவை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்ற எண்ணம் சிறு பிள்ளைகள் மனத்திலும் பதிந்துவிடும். வெள்ளைச் சேலை கட்டியவளைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறோம். அவளே கலர்ச் சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வந்தால்? நாலு பேர் முணுமுணுக்கிறார்கள்! இது நியாயமா?

நிறம் என்ன செய்யும்?

வெள்ளை நிறத்தில் குற்றம் எதுவும் இல்லை. இங்கிலாந்தின் விக்டோரியா ராணி 1840-ல் தமது திருமணத்தில் அணிந்தது வெள்ளை உடையே. நம் ஊரில் கிறிஸ்தவ மணமகள் வெள்ளைச் சேலை உடுத்துகிறாள். சீனாவிலோ, வெள்ளை துக்கத்தின் நிறம். சிவப்பு கல்யாணத்தின் நிறம். ஒரே நிறத்துக்கு ஊருக்கு ஊர் ஓர் அர்த்தம்! அந்த அர்த்தத்தைக் கொடுத்தவர்கள் மனிதர்கள்தான். மனிதர்கள் கொடுத்ததை மனிதர்களே மாற்றலாம் அல்லவா?

விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856-லேயே சட்டம் வந்தது. ஆனால் சேலையின் நிறத்தைச் சட்டத்தால் மாற்ற முடியவில்லை. பிருந்தாவனத்தில் ஆசிரமங்களில் வாழும் விதவைகள் 2013-ல் ஹோலி கொண்டாடினார்கள். வயதான தாய்மார்கள் பூவையும் கலர்ப் பொடியையும் ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். வெள்ளைச் சேலைகள் எல்லாம் கலராயின. இது சினிமாக் காட்சி அல்ல, நிஜமாக நடந்தது.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கணவனை இழந்தவளின் துயரத்தைக் காட்ட முகம் இருக்கிறது, நடிப்பு இருக்கிறது. வெள்ளைச் சேலையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

படம் பார்க்கும் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. வெள்ளைதான் பிடிக்கும் என்பவர் வெள்ளையே கட்டட்டும். ஆனால் அது அவருடைய விருப்பமாக இருக்க வேண்டும். வரும் பண்டிகைக்குத் துணி எடுக்கும்போது, கணவனை இழந்த அக்காளோ, அத்தையோ, பெரியம்மாவோ வீட்டில் இருந்தால் அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். "உங்களுக்கு என்ன கலர் வேண்டும்?" என்று கேளுங்கள்.